அப்பிள் சாற்றுக்குத் தண்ணீர் விடுகிறவர்கள்

மேற்குக் கரை, யூலண்ட்,
டென்மார்க்.
ஆடி மாதம், 1989

அன்புள்ள மச்சான் தவராஜா அறிவது,

நான் சுகம். உம்முடைய சுகத்தையும் விசாரிப்பதுதான் முறை. ஆனால் ஜெர்மன்காரர் வெயில் காலத்தில் என்னென்ன குடிக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து நீர் என்னென்ன குடிக்கிறீர் என்று ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தபடியால், உம்முடைய தேகத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று விளங்கிக்கொண்டேன். நல்லூர்க் கந்தன் உமக்கு மேலும் மேலும் தாகத்தைக் கொடுக்கட்டும்.

விசயத்தைக் கடைசி நாலு வரியில்தான் எழுதியிருந்தீர். கொழும்பில் லொட்ஜ் அறைக்குள் கிடக்கிற உம்முடைய அக்கா புஷ்பராணியையும் என் மகள் மிதுஷாவையும் ஏஜென்சிக்காரனைப் பிடித்து ஜெர்மனிக்கு எடுத்துவிடலாம், டென்மார்க்கில் குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட உங்கட ஃபைல் இனி எழும்பாது அத்தான், நீங்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு இஞ்சாலை வாங்கோ, மாதம் முடிய முதல் முடிவு சொல்லுங்கோ என்று. முடிவைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முதல் காரணத்தைச் சொல்லவேண்டும். காரணம் அப்பிள் சாறு.

நான் பிராண்டே பட்டணத்தில் குடியிருந்தாலும் கோடைக்கு இங்கே கடற்கரையில் ஒரு காம்பிங்கில் கியோஸ்க் என்கிற பெட்டிக்கடை பார்க்கிறேன் என்பது உமக்குத் தெரியும். கூடாரமும் கரவனுமாக வந்து குவிகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் உம்முடைய ஜெர்மன்காரர். முதலாளி இங்கர் என்ற டெனிஸ் மனுசி. நல்ல மனுசி. முதல் நாள் ஒரு ஜெர்மன்காரன் வந்து ஷோர்லே கேட்டான். அது என்ன சாமான் என்று இங்கரிடம் கேட்டேன். அப்பிள் சாற்றை அரைக் கிளாஸ் விட்டு, மிச்சத்துக்குச் சோடாத் தண்ணி விட்டுக் குடு என்றா. மச்சான், நான் யாருடைய பிள்ளை? சுன்னாகத்தில் சோடாக் கொம்பனி நடத்திய மனிசனுடைய பிள்ளை. ஐயா ஒரேஞ் பாளிச் சோடாவுக்குக் கூடத் தண்ணி கலக்கிறார் என்று எதிர்க்கடைக்காரன் ஒரு கதையைக் கட்டிவிட்டு, அந்த வருசம் முழுக்க எங்கள் போத்தல் ஒன்றும் விலைப்படாமல் கிடந்ததை உம்முடைய அக்காவைக் கேட்டால் சொல்லுவா. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த நான், வாங்குகிறவன் கண்ணுக்கு முன்னால் சாற்றுக்குத் தண்ணி விடுவதோ? மாட்டேன் என்றேன். சாற்றுப் போத்தலை ஒரு பக்கம் வைத்தேன், சோடாவை ஒரு பக்கம் வைத்தேன், வெறும் கிளாஸை நடுவில் வைத்தேன், பாவத்தை உங்கட கையாலை செய்யுங்கோ என்று தமிழிலேயே சொன்னேன். அவன் டாங்கே என்று நன்றி சொல்லிச் செய்தான். அன்று தொடங்கி இன்றுவரை ஒரு ஷோர்லேகூட என் கையால் கலக்கவில்லை.

நெல்லிரசத்துக்கு நாங்கள் தண்ணி விடுறேல்லையோ அத்தான் என்று நீர் கேட்பீர். அது மருந்து. மருந்தோடு வாதாடக்கூடாது.

சரி, சாற்றோடு விட்டார்களா என்றால், இல்லை. பியருக்கு லெமனேட் விடுகிறார்கள், அதற்கு ராட்லர் என்று பெயர். வைனுக்கும் சோடா விடுகிறார்கள். கொக்கா கோலாவுக்குள் ஒரேஞ்சை ஊற்றி, சேற்று நிறத்தில் வருகிறதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். பெர்லினிலிருந்து வந்த ஒரு மனிசன் தானே கொண்டுவந்த புளித்த பியருக்குள் பச்சைப் பாணியை விட்டு, ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சினான். மீசை வைத்த மனிசன். என்ன வருத்தம், என்ன மருந்து குடிக்கிறாய் என்று இரக்கப்பட்டுக் கேட்டேன், அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. கோப்பியையாவது விட்டுவைத்தார்களா? அதற்குள் ஐஸ்கிறீம் போட வேண்டும். நான் முறைப்படி கோப்பியைக் கொதிக்கக் கொதிக்கப் போட்டு ஐஸ்கிறீமின் தலையில் ஊற்றினேன். ஒரு பொம்பிளை அதைப் பார்த்துவிட்டு, கோப்பியை முதல் ஆறவைக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தா. ஆறின கோப்பியை எங்கள் வீட்டில் வாழைமரத்துக்குத்தான் ஊற்றுவோம். காரும் இயந்திரமும் செய்கிற சாதியாம். குடிக்கிற ஒரு சாமானை அதன்பாட்டில் இருக்க விடத் தெரியவில்லை. டெனிஸ்காரரும் மோருக்குச் சீனி போட்டு, பிஸ்கட் மிதக்கவிட்டுக் கரண்டியால் குடிக்கிறார்கள்தான். ஆனால் அவர்களுடைய உப்பைத் தின்கிறேன், அதைப் பற்றிக் கதைக்க மாட்டேன்.

இனித்தான் மாட்டுக் கதை. ஹோர்ஸ்ட் என்று இளைப்பாறிய பஸ் சாரதி ஒருவரும் அவர் மனைவி எரிக்காவும் வருசா வருசம் வருகிறவர்களாம். இந்த முறை அவர்களுக்குக் கலியாண ஆண்டு விழா. சனிக்கிழமை காலமை கியோஸ்க்குக்குப் பின்பக்கத்தைத் துப்புரவாக்கச் சொல்லி இங்கர் விட்டா. அங்கே நிழலில் ஒரு பெரிய வாளி, துவாயால் மூடிக் கிடந்தது. திறந்தால் உள்ளே கலங்கின தண்ணி, அதில் ஸ்ட்ரோபெரி, பீச் பழத்துண்டு, தோடம்பழத் தோல், வெள்ளரிக்காய் வட்டம் வட்டமாக மிதக்கிறது. மணமும் புளிச்ச மணம். நீரே சொல்லும், அது என்ன? யாழ்ப்பாணத்தில் பிறந்த எவரும் அதை மாட்டுக்கு வைக்கிற கழனித் தண்ணி என்றுதான் சொல்லுவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கமக்காரனுடைய சிவப்பு மாடு நிற்கும், எனக்கு நல்ல பழக்கம், பழைய பாண் போடுகிறவன் நான்தான். அயலட்டைக்கு ஒரு உதவியாக இருக்கட்டும் என்று வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் அப்படியே அதன் தொட்டிக்குள் கவிழ்த்தேன். அது தலையை நிமிர்த்தாமல் குடித்தது. எவ்வளவு பசி என்று எனக்குக் கவலையாகவும் இருந்தது. பிறகு வாளியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு, நல்ல வேலை செய்தோம் என்ற நினைப்போடு வந்து நின்றேன்.

அதுதான் 'போலே' என்கிற சாமானாம். இரவு முழுக்கப் பழத்தை வைனில் ஊறப்போட்டு, விழாவுக்கு வருகிறவர்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுக்கிற விசேச பானமாம். பின்னேரம் ஆட்கள் எல்லாரும் கிளாஸோடு வந்து நிற்கிறார்கள், எரிக்கா வாளியைத் தேடுகிறா, நான் முன்னுக்குப் போய், கழுவி வைச்சிருக்கிறன், பாருங்கோ, ஒரு பிசுக்கும் இல்லை என்கிறேன். அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாடு பாடத் தொடங்கியது. கத்தல் இல்லை மச்சான், பாட்டு. ஹோர்ஸ்ட் பேச எழும்பினால் அதுவும் கூடச் சேர்ந்து பாடுகிறது. பிறகு முன்னங்காலை மடித்து இருந்தது, ஒரு பக்கமாகச் சரிந்தது, எழும்ப மாட்டேன் என்றுவிட்டது. கமக்காரன் ஓடிவந்தான், மிருக வைத்தியர் காரில் வந்தார், மாட்டின் வாயை மணந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, ஒண்டும் இல்லை, படுத்து எழும்பட்டும் என்று சொல்லிப் போனார். இங்கரின் முகம் செத்தவீட்டு முகமாக இருந்தது.

நான் பயந்தது வேலைக்கு இல்லை. வேலை இன்னொன்று கிடைக்கும், மீன் வெட்டலாம், கோழி உரிக்கலாம். எங்களுடைய ஆட்களின் ஃபைல்களை எல்லாம் கொப்பன்ஹேகனில் அடுக்கி, அதற்கு மேல் ஆரோ ஏறி இருந்துகொண்டு எழும்ப மாட்டேன் என்கிற கதை பேப்பரில் நாறுகிறது, உமக்கும் தெரியும். என்னுடைய ஃபைலுக்காக வக்கீலிடம் காரில் கூட்டிக்கொண்டு போகிறவ இங்கர்தான். கந்தோருக்குப் போன் எடுத்து, எங்கை இவன்ர பெண்சாதி, எங்கை இவன்ர பிள்ளை என்று டெனிசில் சண்டை பிடிக்கிறவவும் அவதான். அவவும் கைவிட்டால் எனக்காகக் கதைக்க இந்த நாட்டில் ஒருவர் இல்லை.

ஏன் இப்படிச் செய்தாய் என்று எரிக்கா கேட்டா. அவவுக்கு ஜெர்மன், எனக்கு அரைகுறை டெனிஸ், நடுவில் இங்கர். எங்கட ஊரிலை தோல், கஞ்சி, அரிசி கழுவின தண்ணி எல்லாம் வாளியிலை சேர்த்துப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் குடுக்கிறது, என்ர மனுசி பின்னேரம் பின்னேரம் கொண்டுபோய் வைக்கிறவ என்றேன். உன்ர மனுசி எங்கை என்றா. கொழும்பிலை, ஒரு அறைக்குள்ளை என்றேன். மாடு இருக்கோ அங்கை என்றா. மாடும் இல்லை, வேலியும் இல்லை, கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கினம் என்றேன். அந்த மனுசி கையிலிருந்த வெறும் கிளாஸைக் கீழே வைத்தா. பிறகு சொன்னா, இரண்டாம் உலக யுத்தம் முடிகிற நேரம் சின்னப் பிள்ளையாகத் தாயோடு கப்பலில் வந்து, இதே டென்மார்க்கில், இந்தக் கரையில்தான் முள்ளுக்கம்பி அடித்த அகதி முகாமில் வருசக்கணக்காகக் கிடந்தவவாம். தகப்பன் ஜெர்மனியில். இவையளைப் போக விடவும் இல்லையாம், தகப்பனை வர விடவும் இல்லையாம்.

"பிறகு ஒருநாள் விட்டாங்கள். ஸ்டேசனிலை அப்பா ஒரு போத்தலோடை நிண்டார். அப்பிள் சாறு. சாறு கொஞ்சம், நாங்கள் கனபேர். தண்ணி விட்டுத்தான் தந்தவர். தண்ணி விட்டால் எல்லாருக்கும் காணும்."

நான் இளகவில்லை. தண்ணி விட்டது விட்டதுதான். அவ போய் ஹோர்ஸ்டிடம் ஏதோ சொன்னா, அந்த மனிசன் என் தோளில் தட்டிவிட்டு, பியர்ப் பெட்டியை உடைத்து எல்லாருக்கும் கொடுத்தான். லெமனேட் விட்டுத்தான். இங்கர் என்னை ஏசவில்லை. திங்கட்கிழமை வக்கீலிடம் போறம், ஷேர்ட்டை மினுக்கி வை என்று மட்டும் சொன்னா.

ஆனபடியால் மச்சான், முடிவு இதுதான். ஏஜென்சிக்காரனிடம் வேண்டாம் என்று சொல்லும். அக்காவையும் மிதுஷாவையும் எந்த நாட்டுக் காட்டுக்குள் இறக்கிவிடுவானோ தெரியாது, அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாகப் போய்விடும். போன வெள்ளிக்கிழமை லொட்ஜுக்குப் போன் எடுத்தேன். மிதுஷா கேட்கிறாள், "அப்பா, டென்மார்க் ஜெர்மனிக்குப் பக்கத்திலையோ?" ஓம் என்றேன். "அப்ப மாமா மட்டும் வாங்கோ வாங்கோ எண்டுறார், நீங்கள் ஏன் எண்டுறேல்லை?" போனுக்குப் போட்ட காசு முடிந்துவிட்டது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளையை நான் முன்கதவால் கூப்பிட வேண்டும், வேலியால் இல்லை. அதோடு, ஒரு அப்பிள் சாற்றை அதன்பாட்டில் விடத் தெரியாத நாட்டில் என் பிள்ளை வளர எனக்கு விருப்பம் இல்லை. என் வீட்டுக்குள் அந்தக் கலப்படம் ஒருநாளும் வராது. இதை உம்முடைய ஜெர்மன்காரருக்கும் சொல்லிவிடும்.

உமக்கும் மனைவிக்கும் சகல செல்வமும் சுத்தமான குடிதண்ணீரும் கிடைக்க வேண்டுமென்று அந்த நல்லூரானை வேண்டி முடிக்கிறேன். நெல்லிரசம் இருந்தால் அனுப்பும்.

இப்படிக்கு,
உம்முடைய அத்தான்,
இராசரத்தினம்

பி.கு.: மேலே உள்ளதை எழுதி ஒட்டியும் தபாலில் போடவில்லை. வேண்டாம் என்று எழுதத் துணிந்தேன், அனுப்பத் துணியவில்லை. கியோஸ்க்கில் பாண் தட்டுக்குக் கீழே கிடந்தது. இன்று காலமை இங்கர் போனை வைத்துவிட்டு ஓடிவந்தா. நான் முகத்தைப் பார்த்து மாடு செத்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். வக்கீல் எடுத்தவவாம். ஃபைல் எழும்பிவிட்டது. இரண்டு பேருக்கும் விசா. அடுத்த மாதம் வருகினம். நான் பாண் தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன், இங்கரும் அழுதா.

உறையைக் கிழித்து இதை எழுதுவது ஒரு அவசரத்துக்கு. மிதுஷாவுக்குப் பிளேனில் வயிறு பிரட்டும், அக்கா கனக்க இனித்தால் வாயில் வைக்க மாட்டா, வெறும் சாறு சரிவராது. விமான நிலையத்துக்கு ஒரு போத்தல் கலந்து கொண்டுபோக வேணும். நான் ஒருநாளும் கலக்காதபடியால் அளவு தெரியாது. எரிக்கா ஊருக்குப் போய்விட்டா, இங்கரைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. சாறு முதலோ சோடா முதலோ, பாதிக்குப் பாதியோ தண்ணி கூடவோ என்று உம்முடைய ஜெர்மன்காரரிடம் நல்லாக விசாரித்து, கடிதம் போடாமல் போனில் சொல்லும். மூண்டு பேருக்குக் காணிற மாதிரிச் சொல்லும்.