சம்பந்தி எழுதிக்கொடுத்த ஆயில் குறிப்பு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்கள் சமூகத்திற்கு,

வணக்கம். இங்கு நான் நலம். உங்கள் சம்பந்தியம்மா, முழங்கால் நீங்கலாக, நலம். வண்டி நலமில்லை. அங்கு நீங்களும் தங்கள் துணைவியாரும் பூரண நலத்துடன்தான் இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யோசனை சொல்கிறவர்களுக்கு ஒரு குறையும் வருவதில்லை, அதைக் கேட்டு நடக்கிறவனுக்குத்தான் எல்லாம் வரும். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் "அதில்லீங்க சம்பந்தி, நான் என்ன சொல்றேன்னா" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆகையால் தபால்.

விஷயத்துக்கு வருமுன் ஒன்றை நினைவூட்டுகிறேன். உங்கள் மகனும் என் மகளும் ஆறு மாத வேலைக்காக வெளிநாடு கிளம்பியபோது, வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத காரை நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக விட்டுப்போனார்கள். ஒரு வாரம் உங்கள் வாசலில், ஒரு வாரம் என் வாசலில். பெட்டிகளை ஏற்றிவிட்டு என் மகள் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது: "ரெண்டு அப்பாவும் சண்டை போடாம ஓட்டுங்க. யாரால வண்டிக்குக் கேடு வருதோ, அவங்க சாவியை இன்னொருத்தர்கிட்ட குடுத்துடணும். அப்புறம் நாங்க வர்ற வரைக்கும் அந்த இன்னொருத்தர்தான் வச்சுக்கணும்." நாம் இருவரும் அப்போது சிரித்தோம். நீங்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தீர்கள். இந்தச் சாவி எனக்கு ஏன் முக்கியம் என்பதும் உங்களுக்குத் தெரியும். வாரத்தில் மூன்று நாள் இவளை முழங்கால் பயிற்சிக்கு அழைத்துப்போக வேண்டும்; பஸ் படி ஏறும்போது இவள் பல்லைக் கடித்துக்கொண்டு என் தோளைப் பிடிக்கிற பிடியில் என் தோளுக்கும் தனியாகப் பயிற்சி தேவைப்படும் போலிருந்தது. அதற்காகத்தான் அறுபத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கற்று, மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கினேன். எனவே கேடு யாரால் வந்தது என்பதை ஆதாரத்தோடு நிறுவுவதே இக்கடிதத்தின் நோக்கம்.

வண்டியோடு ஒரு புத்தகம் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அத்தனையும் படித்தேன், ஹாரன் அடிப்பது எப்படி என்ற பக்கம் உட்பட. அதில் தெளிவாகப் போட்டிருக்கிறது: இஞ்சின் ஆயிலைப் பத்தாயிரம் கிலோமீட்டரில் அல்லது ஒரு வருடத்தில், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றவும். இதை உங்களிடம் வாசித்துக் காட்டியபோது நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பால் புட்டியோடு நிற்கிற குழந்தையைப் பார்ப்பது போல. "புத்தகம் எழுதினவன் வண்டி விக்கறவன்ங்க. புது இஞ்சின்ல ஒண்ணோட ஒண்ணு உரசி இரும்புத்தூள் உதிரும். அத்தனையும் ஆயில்லயே சுத்திக்கிட்டு இருக்கும். ஆயிரத்துல ஒரு தடவை கொட்டிட்டுப் புதுசு ஊத்தணும்." முப்பத்துநாலு வருஷம் லேத் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர் சொல்லும்போது கணக்கு வாத்தியார் என்ன பேசுவது? சர்வீஸில் விட்டுவிடலாமே என்று முனகினேன். "சர்வீஸா? மாத்தாமலே மாத்திட்டேன்பான். இதெல்லாம் நாமளே பண்றதுங்க. குழந்தைகூடப் பண்ணும்." அந்தக் குழந்தையின் முகவரி இருந்தால் தயவுசெய்து அனுப்பவும்.

மறுநாளே வண்டியோடு சாமான்களும் வந்து இறங்கின. முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்த நீங்களே வெல்டிங் செய்த இரண்டு இரும்புச் சரிவுகள், பதினேழாம் நம்பர் ஸ்பானர், ஒரு புனல், ஆயில் டப்பா, கூடவே உங்கள் கைப்பட எழுதிய ஒரு தாள். தாளை நான் முழுமையாக மதிப்பிட்டேன். முப்பத்தோரு வருஷம் விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்காது. கையெழுத்து கோழி கிளறியது போல. இரண்டு மதிப்பெண் குறைத்தேன். வழிமுறை வரிசை பரவாயில்லை, ஆனால் எழுத்துப் பிழைகளுக்கு மூன்றரை குறைத்தேன். கீழ் மூலையில் பேனா எழுதுகிறதா என்று பார்த்தீர்களோ என்னவோ, ஏதோ ஒரு கோணல் கோடு. அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு அரை மதிப்பெண் குறைத்தேன். மொத்தம் பத்துக்கு நாலு. பிறகு கைகள் அழுக்கானால் தாளைப் பிடிக்க முடியாதே என்று முன்யோசனையாக, கார் நிறுத்தும் கொட்டகைச் சுவரில் நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டிவைத்தேன்.

வண்டி என்னிடம் வந்தபோது மீட்டரில் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. ஆயிரம் என்று சொன்னால் எனக்கு ஆயிரம்தான். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று எட்டும் அல்ல, ஆயிரத்து மூன்றும் அல்ல. பயிற்சிக்குப் போய்த் திரும்பி வாசலுக்கு வந்தால் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஆறு. இன்னும் நாலு பாக்கி. இவளையும் காய்கறிப் பையையும் பின்சீட்டில் வைத்தபடியே விளையாட்டு மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். மூன்றாவது சுற்றில் மைதானத்துப் பையன்கள் கை தட்டினார்கள். ஐந்தாவது சுற்றில் எதிர்வீட்டு பேங்க்காரர் பால்கனிக்கு வந்து "சார், பிரேக் பிடிக்கலையா? யாரையாவது கூப்பிடவா?" என்று கத்தினார். "ஏங்க, எனக்குத் தலை சுத்துது, இறக்கிவிட்டுட்டு நீங்க மட்டும் சுத்துங்க" என்று இவள் சொன்னாள். முடியாது, பாதியில் நிறுத்தினால் கணக்கு கெட்டுவிடும் என்றேன். இவள் காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். சரியாக ஆயிரத்தில் கொட்டகைக்குள் நுழைந்தேன்.

உங்கள் தாளின்படி இஞ்சின் சூடாகத்தான் இருந்தது. சரிவில் ஏற்றினேன், கைபிரேக் போட்டேன், பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன், மேல் மூடியைத் திறந்தேன், பழைய கோரைப்பாய் ஒன்றை விரித்து அடியில் புகுந்தேன். புகுந்தேன் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். அதற்குக் கால் மணி நேரம் ஆனது. உங்கள் தாள் சொல்கிறது: "அடியில் போல்ட் இருக்கும். இடப்பக்கம் திருப்பவும்." யாருக்கு இடப்பக்கம்? நிற்கிறவனுக்கா, மல்லாந்து கிடக்கிறவனுக்கா? அது எழுதவில்லை. கண்ணெதிரே ஒரு போல்ட் தெரிந்தது. இழுத்தேன், முறுக்கினேன், ஸ்பானர் நழுவி மூக்கில் பட்டது, உங்களை நினைத்துக்கொண்டேன், மறுபடி முறுக்கினேன். சட்டென்று கழன்று ஆயில் கொட்டியது. துணி ஊறவைக்கிற தொட்டியைத் தள்ளுவதற்குள் என் சட்டை அரை லிட்டர் குடித்துவிட்டது. தொட்டியில் விழுந்த ஆயிலைப் பார்த்தேன் சம்பந்தி, தேன் மாதிரி இருந்தது. ஒரு கறுப்பு இல்லை, நீங்கள் சொன்ன இரும்புத்தூள் ஒரு பொட்டு இல்லை. புத்தகக்காரன் சொன்னது சரி, பட்டறைக்காரர் சொன்னது தப்பு என்று, அந்தக் கிடையிலேயே, மூக்கு வீங்கிய நிலையிலும், எனக்கு ஒரு சந்தோஷம். இருந்தாலும் திறந்தது திறந்தாயிற்று, குறையாக விடக்கூடாது என்று போல்ட்டை இறுக்கிவிட்டு, மேலே புனல் வைத்து மூன்றரை லிட்டரையும் ஊற்றினேன். அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால், ஆயில் மேல் கோட்டையும் தாண்டி கம்பியின் பாதிவரை ஏறி நின்றது. கேட்டதற்கு மேல் ஒரு கணக்கு அதிகமாகப் போட்டவனுக்கு எந்த வாத்தியாரும் மார்க்கைக் குறைப்பதில்லை. தாராளமாக இருக்கட்டும் என்று மூடிவிட்டேன்.

மறுநாள் காலை இவளைப் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை திரும்புவதற்குள் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு ஊளை. இரண்டாவது கியருக்கு ஒரு சுருதி, மூன்றாவதுக்கு வேறு சுருதி. "என்னங்க அது சத்தம்?" என்றாள் இவள். "புது ஆயில், பழகணும்" என்றேன். அப்படி ஒன்று உண்டா என்று எனக்கே தெரியாது. உங்கள் தொனியில் சொல்லிப் பார்த்தேன், நம்பும்படியாகத்தான் இருந்தது. ஒன்றரை கிலோமீட்டரில் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் சாலையே இல்லை, வெறும் புகை. பின்னால் வந்த பஸ் டிரைவர் புகைக்குள்ளிருந்து என் குடும்பத்தை விசாரித்தார். இவள்தான் "நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!" என்று என் முதுகில் ஒரு அடி வைத்தாள். நிறுத்தினேன். மீதி தூரத்துக்குப் பஸ். படி ஏறும்போது இவள் முகம் சுருங்கியது, பழையபடி என் தோளைப் பிடித்தாள். உங்கள் மேல் வந்த கோபத்தை இங்கே எழுதினால் தபால்காரர் உறையைத் தொடமாட்டார்.

மெக்கானிக் வண்டியைக் கட்டி இழுத்துப்போனார். அடியில் போய்விட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார், கியர் பாக்ஸ்ல சொட்டு ஆயில் இல்ல. இஞ்சின்ல ரெண்டு வண்டிக்கு வேண்டியது இருக்கு. இஞ்சின் போல்ட்டுக்குப் பதிலா கியர் பாக்ஸ் போல்ட்டைக் கழட்டிட்டு, பழசு மேலயே புதுசை ஊத்தியிருக்காங்க. யார் சார் பண்ணது?" "எங்க சம்பந்தி" என்றேன். பொய் இல்லை, சுருக்கம். "அவரை இனிமே வண்டி பக்கம் விடாதீங்க சார். அம்மா நிறுத்தச் சொன்னதால பொழைச்சுது. இன்னும் பத்து கிலோமீட்டர் போயிருந்தா கியர் பாக்ஸை மறந்துட வேண்டியதுதான்." புதன்கிழமை வண்டியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே சம்பந்தி, நடந்ததைத் தொகுத்துப் பாருங்கள். பத்தாயிரத்தில் மாற்ற வேண்டியதை ஆயிரத்தில் மாற்றச் சொன்னது யார்? குழந்தைகூடச் செய்யும் என்றது யார்? அடியில் இரண்டு போல்ட் உண்டு, ஒன்றைத் தொடக்கூடாது என்ற மிக மிக முக்கியமான விஷயத்தைத் தாளில் எழுதாமல் விட்டது யார்? அறியாத ஒருவனைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதற்கு என் மகள் வகுத்த நிபந்தனைப்படி தண்டனை ஒன்றுதான். மாற்றுச் சாவி மெக்கானிக்கிடம் இருக்கிறது. அசல் சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது, பிள்ளைகள் திரும்பும்வரை இங்கேயே இருக்கும். உங்கள் குறிப்புத் தாளைச் சுவரிலிருந்து உரித்து, திருத்திய மதிப்பெண்ணோடு, சாட்சியாக இத்துடன் இணைக்கிறேன். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். தங்களுக்கு நீண்ட ஆயுளும், அதற்குள் பிறருக்கு யோசனை சொல்லாமலிருக்கும் பொறுமையும் வாய்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கண்ணெதிரே தெரிந்த போல்ட்டைக் கழற்றிய
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தயவுசெய்து படிக்க வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடவும். இணைப்பதற்காகத் தாளை உரித்தேன். அதற்குப் பின்பக்கம் இருக்கிறது. கீழ் மூலையில் நான் வட்டமிட்டது கோணல் கோடு அல்ல, மறுபக்கம் பார் என்று நீங்கள் போட்ட அம்புக்குறி. பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்: "முக்கியம். அடியில ரெண்டு போல்ட் இருக்கும். பக்கவாட்டுல இருக்கறது கியர் பாக்ஸ், அதைத் தொட்டுடாதீங்க. சந்தேகமா இருந்தா ஒரு போன் போடுங்க, பத்து நிமிஷத்துல வந்துடறேன். உங்க முதுகு பத்தித் தங்கச்சி சொல்லிச்சு, நீங்க தனியா அடியில படுக்க வேண்டாம், நான் படுக்கறேன். புத்தகப்படி பத்தாயிரத்துல மாத்தினாலும் தப்பில்லைங்க. நான் பழைய ஆளு, மனசு கேக்கல, அவ்வளவுதான். உங்க இஷ்டம்." முக்கியமானதை முதல் பக்கத்தில் எழுதும் வழக்கம் பட்டறையில் கிடையாது போலிருக்கிறது. அது போகட்டும். முப்பத்தோரு வருஷம் ஒவ்வொரு பரீட்சை ஹாலிலும் "தாளைத் திருப்பிப் பாருங்கடா, பின்னாடியும் கேள்வி இருக்கு" என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். திருப்பாமல் வந்த பையன்களை ஃபெயில் ஆக்கியும் இருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது சம்பந்தி. நிபந்தனை நிபந்தனைதான். அசல் சாவி இந்த உறைக்குள் இருக்கிறது. எங்களுக்குப் பஸ் இருக்கிறது.

அண்ணா, இது நான் எழுதறேன். உறையை ஒட்டற வேலை என்னுது. சாவியை நான் எடுத்து வச்சுக்கிட்டேன், தேடாதீங்க. இவர் இதை மேஜைகிட்ட நின்னுக்கிட்டே எழுதினார். அடியில படுத்துட்டு வந்ததுலேர்ந்து முதுகு வலி, ரொம்ப நேரம் உட்கார முடியல, உங்ககிட்ட சொல்ல மாட்டார். போன் பண்ணாததும் நீங்க குறுக்க பேசுவீங்கன்னு இல்ல, உங்க குரலைக் கேட்டா கோபம் போயிடும்னுதான். புதன்கிழமை நீங்க இங்க வந்துடுங்க, ரெண்டு பேருமா போய் வண்டியை எடுத்துட்டு வாங்க. மெக்கானிக் உங்களை ஏதாவது சொன்னா கோவிச்சுக்காதீங்க, ஏன்னு இவரே விளக்குவார், நான் பக்கத்துல நிக்கறேன். உங்க தாளை உறைக்குள்ளயே வச்சிருக்கேன். முன்பக்கம் நாலுதான் போட்டிருக்கார், அதைப் பாத்துட்டு வச்சுடாதீங்க அண்ணா. பின்பக்கத்துக்கும் மார்க் போட்டிருக்கார். மறக்காம திருப்பிப் பாருங்க.