மிஷனரிக்கு ஒரு சைக்கிள்

மூன்றாவது தடவையும் ஐயா சைக்கிளோடு வேலிக்குள்தான் போய் விழுந்தார்.

சைக்கிள் கடைக்காரர் ஓடிப்போய்த் தூக்கிவிட்டார். சபை அவரிடம் கேட்டது சின்ன உதவிதான். மொழி தெரியாத தூரத்து ஊர்களுக்கு ஊழியத்துக்குப் போகும் மிஷனரிக்கு, ஆள் அளவுக்கு ஒரு சைக்கிளைத் தயார் செய்ய வேண்டும். சனிக்கிழமை பயணம். "என் காணிக்கையா இருக்கட்டும்" என்று கடையிலிருந்த நல்ல வண்டியையே எடுத்து வைத்தார்.

கணவனும் மனைவியுமாக வந்தார்கள். கடைக்காரர் கணவரை நிறுத்திக் கால் அளவெடுத்தார். ஆள் விளக்குக் கம்பம் உயரம். சீட்டைக் கடைசி வரை ஏற்றினார். பின்னால் என்ன வைப்பீர்கள் என்று கேட்டதற்கு, மருந்துப் பெட்டி என்று பதில் வந்தது. அதற்கும் ஒரு கேரியர் அடித்தார்.

"ஏறுங்க ஐயா" என்றபோதுதான் ஐயாவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது என்பது தெரிந்தது.

ஓட்டத் தெரியாதவரை அப்படியே அனுப்பிவைக்க மனம் வரவில்லை. சபை வளாகத்திலேயே தினமும் சாயங்காலம் பழக்கிவிட ஆரம்பித்தார்.

முதல் நாள் கால் தரையில் எட்டாமல் சாய்ந்தார். சீட்டை இறக்கினார் கடைக்காரர். இப்போது முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. ஹேண்டில்பாரை உயர்த்தினார். பிரேக் கம்பி நீளம் போதாமல் பாதிதான் பிடித்தது. அந்த வேகத்தில்தான் மூன்று தடவை வேலி. புதுக் கம்பி போட்டு முறுக்கினால், தொட்டவுடன் வண்டி நின்றது, ஐயா மட்டும் நிற்காமல் முன்னால் போனார்.

மனிதர் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஏறச் சொன்னால் ஏறினார், விழுந்தால் சட்டையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். இப்படிப்பட்ட பொறுமைசாலியைத்தான் ஆண்டவர் அழைப்பார் என்று கடைக்காரருக்கு நெஞ்சு நிறைந்தது. மனைவி ஓரமாக ஒரு நோட்டோடு உட்கார்ந்து, அந்த ஊர் மொழி வார்த்தைகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது நடந்தது. கடைக்காரர் பின்னால் பிடித்தபடியே ஓடி, சத்தம் காட்டாமல் கையை விட்டார். வண்டி சாயவில்லை. வளாகத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தது. இரண்டாவது சுற்றில் ஐயா மணியை வேறு அடித்தார்.

கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐயாவின் மனைவி பக்கம் வந்தார்.

"இனிமே கவலையே இல்லம்மா. உங்க மிஷனரி எந்த ஊருக்கு வேணா போவார். போதும், இறங்கச் சொல்லட்டுமா? காலையில பயணமாச்சே."

அந்த அம்மா நோட்டை மூடினார்.

"இன்னும் ரெண்டு சுத்து ஓட்டட்டும்ணே. சின்ன வயசுலேர்ந்து அவருக்கு இது ஆசை, அதைக் கெடுக்க வேணாம்னுதான் நாலு நாளா நான் வாயத் திறக்கல. அவர் வீட்டப் பாத்துக்க என்கூட வர்றார், மிஷனரி நான்தான்."