அரையிறுதிப் பந்தி

தூத்துக்குடி,
வியாழக்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் சுடலைமாடன் அவர்களுக்கு,

செந்தூர்பாண்டி எழுதுவது. உங்கள் தங்கை செல்வராணி நலம். உப்பளம் சுமார். மதுரையில் உங்கள் பாத்திரக்கடையும் வீட்டில் எல்லோரும் நலமாயிருக்கத் திருச்செந்தூர் முருகனை வேண்டிக்கொள்கிறேன். என் நலம் கீழே விவரமாக வருகிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை பக்கத்தில் நின்று எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். வாட்ஸப்பில் போடலாமென்றால் குடும்பக் குரூப்புக்கு அட்மினே உங்கள் மருமகன்தான். அதனால்தான் கூரியர்.

விஷயமும் அவனைப் பற்றியதுதான். ஒரே மகன் என்று சிவப்பிரகாஷை எம்.பி.ஏ. வரை படிக்கவைத்து, இனி நீ பார்த்துக்கொள் என்று அளத்துச் சாவியைக் கையில் கொடுத்தேன். உப்பு லாரி ஏறுவதை மேற்பார்வை பார்க்கப் போனவன், சாயங்காலம் ஒரு கால்பந்து கிளப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "கிளப்புன்னா சீட்டாடுத இடமாலே?" என்று கேட்டேன். "ஃபுட்பால் டீம்ப்பா. நாந்தான் ஓனர்" என்றான். அப்படி என்னத்தைத்தான் வாங்கியிருக்கிறான் என்று மறுநாள் போய்ப் பார்த்தேன். கடற்கரையோரம் ஒரு மணல் மைதானம், மீன்பிடிக்கிற வீட்டுப் பையன்கள், கிளாட்வின் என்றொரு பயிற்சியாளர், அவர் கழுத்தில் ஒரு விசில். கோல் வலைகளில் ஒன்று கிளாட்வினுடைய அண்ணன் படகிலிருந்து வந்தது. அந்த அண்ணன் கடலுக்குப் போகிற நாளில் ஒரு பக்கம் வலையே கிடையாது, கோல் விழுந்தால் பந்தைப் பெட்ரோல் பங்க் வரை துரத்திக்கொண்டு ஓடவேண்டும். இதற்கு என் பெயரை வைத்திருக்கிறான், மச்சான். செந்தூர்பாண்டி எஃப்.சி. உப்பு மூட்டையில் அச்சடிக்கிற அதே எழுத்தில் பனியனில் அடித்துவிட்டான். அன்றிலிருந்து என்னால் டீக்கடையில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. "நேத்து செந்தூர்பாண்டிய ஓட ஓட வெரட்டிட்டானுவ. அவனுக்குக் காலே எந்திக்கலை" என்று என் காதுபடப் பேசுகிறார்கள். எனக்கிருக்கிற மூட்டுவலியில் அது உண்மைதான், ஆனாலும் ஒரு பெரிய மனுஷனைப் பற்றி இப்படியா பேசுவது.

அதோடு விட்டானா என்றால், இல்லை. மைதானத்தில் ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு வெயில் படக்கூடாது என்று அளத்திலிருந்த தார்ப்பாய்களை அள்ளிக்கொண்டுபோய்ப் பந்தல் போட்டான். பருவமில்லாப் பருவத்தில் ஒரு மழை. பந்தலுக்கடியில் இருந்தவர்கள் தலை நனையாமல் சுண்டல் தின்றார்கள். அளத்தில் மூடத் தார்ப்பாய் இல்லாமல், அம்பாரமாகக் குவித்திருந்த என் உப்பு கரைந்து வாய்க்காலோடு போய்விட்டது. கேட்டால், "கடல்ல இருந்து வந்தது கடலுக்குத்தானப்பா போயிருக்கு" என்கிறான். எம்.பி.ஏ.வில் இதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

போன வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. அளத்தில் தனியாக நின்று கணக்குப்பிள்ளையோடும் லாரிக்காரனோடும் கத்தி அலுத்துவிட்டது, எனக்குப் பிறகு இது யாருக்கு என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை என்று அவனிடம் வாய்விட்டே சொன்னேன். அவன், "சரிப்பா. ஞாயித்துக்கெழமை செமி ஃபைனல். அதுல தோத்துட்டா கிளப்ப வித்துட்டு மறுநாளே அளத்துக்கு வந்துருதேன். செயிச்சா நீங்க இதப்பத்திப் பேசப்படாது" என்றான். நான் முருகனுக்கு நேர்ந்துகொண்டேன், தோற்கவேண்டும் என்று.

முருகனை மட்டும் நம்பியிருந்தால் போதுமாயிருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகர்கோவில் பக்கத்திலிருந்து எதிரணி வேனில் வந்து இறங்கியது. நல்ல வாட்டசாட்டமான பையன்கள். ஆனால் மதியச் சாப்பாடு என்று ஆளுக்கு இரண்டு வாழைப்பழமும் காய்ந்த ரொட்டியும் வைத்திருந்தார்கள். எனக்குப் பகீர் என்றது. இதைத் தின்றுவிட்டு இவர்கள் எங்கே ஜெயிப்பது, என் மகன் எப்போது அளத்துக்கு வருவது? நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா, ஒரு வேலை நன்றாக நடக்கவேண்டுமென்றால் முதலில் வயிறு நிறையவேண்டும். வேனை நேராக நம் வீட்டுக்கு விடச்சொன்னேன். உங்கள் தங்கையிடம் காரணமெல்லாம் சொல்லவில்லை, வெளியூர்ப் பிள்ளைகள் பசியாக வந்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அது போதும். இலை போட்டு, ஊளி மீன் குழம்பு, ஆட்டுக்கறிச் சுக்கா, முட்டை, ரசம், தயிர், பாயசம், கடைசியில் ஒரு தட்டு நிறைய மக்ரூன். அவர்களுடைய பயிற்சியாளர், "போதும்மா, மேட்ச் இருக்கு" என்று இரண்டு கையாலும் இலையை மறைத்தார். "வளர்ந்த புள்ளைய, இவ்வளவாது திங்காண்டாமா?" என்று அவர் விரலிடுக்கிலேயே குழம்பை ஊற்றினாள். எங்கள் மறுவீட்டு விருந்தில் நீங்கள் எனக்குப் பரிமாறியது நினைவிருக்கும், அன்று நான் நாற்காலியோடு சேர்த்துத் தூக்கப்பட்டேன். நீங்கள் இல்லாத குறைக்கு நானே வாளியைத் தூக்கினேன்.

நம் பையன்களுக்குக் கிளாட்வின் ஆளுக்கொரு வாழைப்பழத்தோடு முடித்துவிட்டார். அதை நான் கேள்விப்பட்டு உள்ளூரச் சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நாலு மணிக்கு ஆட்டம். எதிரணி கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்தவன் சாய்ந்தவன்தான். பின்னால் நிற்கிறவர்களில் இரண்டு பேர் குனிந்தால் நிமிரவில்லை. ஒருவன் விட்ட ஏப்பத்தில் ரெஃப்ரி விசிலோ என்று திரும்பிப் பார்த்தார். ஜெபின் என்ற நம் பையன், இதுவரை பந்து அவனைத் தேடி வந்தாலும் விலகிக்கொள்கிறவன், அவர்களைச் சுற்றிச் சுற்றி ஓடி மூன்று கோல் போட்டான். "ஓடுங்கல, ஓடுங்கல" என்று நான் எதிரணியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினேன். நம் பையன்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துச் சனம் முழுக்க என்னோடு சேர்ந்து கத்தியது. ஐந்து கோல் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டோம். தோற்ற பையன்கள் வேனில் ஏறுமுன் வீட்டுக்கு வந்து உங்கள் தங்கை காலைத் தொட்டுக் கும்பிட்டு, மிச்ச மக்ரூனையும் பொட்டலம் கட்டி வாங்கிப் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. சிவப்பிரகாஷ் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். "எப்பா, இப்படி ஒரு மூளை யாருக்குப்பா வரும்? சோத்தப் போட்டே சாச்சுப்புட்டியளே" என்றான். கிளாட்வின் என்னை டெக்னிக்கல் டைரக்டர் என்று எல்லோரிடமும் அறிமுகப்படுத்தினார். மைதானம் முழுக்க என் பெயரைச் சொல்லிக் கூச்சல், மச்சான். இத்தனை வருட வியாபாரத்தில் சண்டைக்கு அல்லாமல் யாரும் என் பெயரை உரக்கக் கூப்பிட்டதில்லை. என் மகன் என்னை அப்படிப் பெருமையாகப் பார்த்தும் ரொம்ப காலமாகிறது. இல்லையப்பா, நீ தோற்கத்தான் சோறு போட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்றேன்.

ஆனாலும் தொழில் என்று ஒன்று இருக்கிறது. பேசமாட்டேன் என்று ஒப்புக்கொண்டவன் நான்தானே, நீங்கள் இல்லை. தாய்மாமன் சொன்னால் தட்டமாட்டான். இந்த ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். அதற்கு முன் வந்து, நாலு வார்த்தை கண்டிப்பாகப் பேசி, கிளப்பைக் கைகழுவவைத்து அவனை அளத்தில் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். இது உங்களால் மட்டும்தான் முடியும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும். முருகன் உங்கள் கடையில் கூட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
செந்தூர்பாண்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது கிளாட்வின் வந்தார். இறுதி ஆட்டத்துக்கு வருகிறவர்கள் பலமான அணியாம், சனிக்கிழமை ராத்திரியே வந்து தங்குகிறார்களாம். அதாவது ராத்திரிச் சாப்பாடு, காலைப் பலகாரம், மதியப் பந்தி என்று மூன்று வேளை கிடைக்கிறது. செல்வராணி இரண்டு ஆட்டுக்குச் சொல்லிவிட்டாள். அதனால் சிவப்பிரகாஷிடம் எதுவும் பேசவேண்டாம், பையன் பாவம். கடையிலிருந்து பெரிய அண்டா இரண்டும் கைப்பிடி வைத்த வாளிகளும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மத்தியானமே வந்துவிடுங்கள். அவர்களுடைய கோல்கீப்பர்தான் ஆபத்தானவன் என்கிறார் கிளாட்வின். அவனுடைய இலையை உங்கள் பொறுப்பில் விடுகிறேன்.