குசினித் தரை வெள்ளையான விவரம்

தூத்துக்குடி

அன்புள்ள ஜோன்ஸ் மாமா அவர்களுக்கு, மருமகன் ரெக்சன் தோத்திரம் சொல்லி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே விஜிலா அத்தை, உங்கள் மகள் ஜெர்லின், நான் மூவரும் சுகம். கடல் உங்களையும் சுகமாக வைத்திருக்கட்டும். உங்கள் கப்பலில் ஏற வரும் தேவபிரசாதம் அண்ணனிடம் இந்தக் கடிதத்தையும் குசினித் தரையின் போட்டோ ஒன்றையும் கொடுத்தனுப்புகிறேன். போட்டோவைக் கேப்டனிடம் அவசியம் காட்டவும். "ஏலே, படிப்பைத்தான் பாதியில விட்ட, வீட்டையாவது சுத்தமா வச்சிரு, கப்பல்ல கிளீனிங் வேலைக்குச் சொல்லிவிடுதேன்" என்று கிளம்பும்போது சொன்னீர்களே, அதற்கு அத்தாட்சி அந்தப் போட்டோதான்.

விஷயம் என்னன்னா மாமா, நம்ம குசினியில டைல்ஸ் வெள்ளை, நடுவுல உள்ள இடுக்கு மட்டும் கருப்பு. சமைக்கப் போனாலும் தண்ணி குடிக்கப் போனாலும், இது பிறக்கும்போது என்ன கலரா இருந்திருக்கும்னே எனக்கு யோசனை. அத்தைகிட்ட கேட்டா, "கருப்புத்தாம்லே, உங்க மாமா ஆசப்பட்டு எடுத்தது"ன்னாங்க. நான் நம்பல. வெள்ளை யூனிபார்ம் போடுத மனுசன் குசினிக்குப் போயி கருப்பு எடுப்பாரா? டைல்ஸ் கடை தளவாய் அண்ணாச்சிகிட்ட ஆசிட் கேட்டேன். "வேண்டாம்லே, அது அழுக்க மட்டும் தின்னுட்டு எந்திரிச்சுப் போவாது, இடுக்குல உள்ள சிமெண்டையும் சேத்துத் தின்னுரும். ஆப்பசோடாவக் குழைச்சு பிரஷ் போட்டுத் தேய்ச்சு அலசு"ன்னாரு. வீட்டுல இருந்த ஆப்பசோடா பூராவும் குழைச்சாச்சு, அன்னைக்கு அத்தை சுட்ட ஆப்பம் டைல்ஸ் மாதிரி இருந்தது. கைக்குக் கிடைச்ச பிரஷ் ஜெர்லினோடது, அவ அதுல இன்னும் பல் தேய்க்கான்னு பெறகுதான் தெரியும். அலசுததுக்கு நல்ல தண்ணி எடுக்கப் போனா, அத்தை குடத்த மறிச்சு நிக்காங்க. "குழாயில தண்ணி வந்தே நாளாச்சு, தரைக்கு இதையா ஊத்துவ? போர்த்தண்ணிய ஊத்துலே." ஊத்துனேன் மாமா, குசினியில தோணி விடுத அளவுக்கு ஊத்தி, பேனப் போட்டுக் காயவிட்டேன்.

காஞ்சா, இடுக்கெல்லாம் வெள்ளை! நான் தேய்க்காத பிரிட்ஜுக்கு அடியிலயும் வெள்ளை! அதெப்படின்னு குப்புறப் படுத்துப் பாத்தேன். ஆப்பசோடா தானா ஊர்ந்து போயி வேலை பாத்திருக்கும்போல. இதையெல்லாம் காலேஜுல சொல்லித் தந்திருந்தா நான் ஏன் பாதியில நிக்கப் போறேன்? "அத்தை, மாமா எடுத்தது வெள்ளைதான்"னேன். பக்கத்து வீட்டுக்காரங்க செருப்பக் கழத்திப் போட்டுட்டு வந்து பாத்துட்டுப் போறாங்க.

ஆகையால் உங்கள் கப்பலில் எந்த இடுக்கு எத்தனை வருடக் கருப்பாக இருந்தாலும் ரெக்சன் வெளுத்துவிடுவான் என்று கேப்டனிடம் தைரியமாகச் சொல்லலாம். காற்றும் கடலும் உங்களிடம் மரியாதையாக நடந்துகொள்ள ஜெபிக்கும்,

மருமகன் ரெக்சன்

பி.கு.: போட்டோ அண்ணன் பெட்டிக்குள்ள போயிட்டுது, பெட்டியக் கட்டியாச்சு, இனி எடுக்க முடியாது. இப்பத்தான் ஜெர்லின் அந்த வெள்ளைய விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பாத்துட்டு, "மச்சான், உப்பு கரிக்குது"ன்னா. அத்தை ஒரு செம்பு நல்ல தண்ணிய ஊத்தித் துடைச்சாங்க. துடைச்ச இடமெல்லாம் கருப்பு. போர்த்தண்ணி உப்புதான் காஞ்சு வெள்ளையா நின்னிருக்கு. நீங்க எடுத்தது கருப்புதான். போட்டோவக் கேப்டன்கிட்ட காட்டிராதீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க மாமா, கப்பல்ல தரை கழுவுதது நல்ல தண்ணியிலயா, கடத்தண்ணியிலயா? கடத்தண்ணின்னா காட்டிருங்க.