ஒப்பாரி போட்ட எட்டு மணி பஸ்

உலகத்தில் பாட்டுக்காக வேலையையே விடத் துணிந்த பஸ் டிரைவர் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் ஓட்டியது நான் அப்போது தினமும் ஏறிய எட்டு மணி பஸ்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற தனியார் பஸ் அது. பிரேக்கைப் பார்க்க முதலாளி கொடுத்த பணத்தில் ஸ்பீக்கர் மாட்டியவர் என்று ஒரு பேச்சு உண்டு. அதனால் எல்லோருக்கும் அவர் ஸ்பீக்கர் அண்ணாச்சி. சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அப்போது எட்டயபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். ஏறியதிலிருந்து இறங்கும்வரை காதை அடைக்கிற பாட்டுத்தான். ஆபீசில் யார் என்ன சொன்னாலும் பதினொரு மணிக்கு மேல்தான் காதில் விழும்.

ஒருநாள் கும்மிப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் கூடையோடு இருந்த ஓர் அக்கா, "இது நான் பாடுனது அண்ணாச்சி" என்றார். மொத்த பஸ்ஸும் சிரித்தது. அக்கா கோபப்படவில்லை. பாட்டை நிறுத்தச் சொல்லி, அடுத்த அடியை எடுத்துப் பாடினார். அதே குரல். சிரித்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அப்படியானால் நல்ல காசு வந்திருக்குமே என்று அண்ணாச்சி கேட்டார். பெரிய கம்பெனி ஆப்பில் ஊரே கேட்டும் தனக்கு வந்தது ஒரு டீக்குக் காணாது என்றார் அக்கா. அதனால் கோயில் கொடைத் திருவிழாக்களில் பாடுகிறவர்களும் மேளக்காரர்களும் சேர்ந்து தாங்களே ஓர் ஆப் ஆரம்பித்திருக்கிறார்களாம். கலைஞர்கள்தான் சொந்தக்காரர்கள். நாம் கட்டுகிற சந்தா, யார் பாட்டைக் கேட்கிறோமோ அவருக்கே போய்ச் சேரும்.

மறுநாளிலிருந்து பஸ்ஸில் அந்த ஆப் மட்டும்தான்.

சிக்கல் என்னவென்றால், அதில் பாட்டு கொஞ்சம். கும்மி நாலு, நையாண்டி மேளம் ஏழெட்டு, மிச்சமெல்லாம் ஒப்பாரி. காலை எட்டு மணிக்கு ஒப்பாரி! பெண் பார்க்கப் புறப்பட்ட ஒரு குடும்பம் பாதி வழியில் இறங்கிக்கொண்டது. பைக்கில் போனவர்கள் ஒதுங்கிக் கும்பிட்டார்கள். லாரிகள் வழி விட்டன. ஒரு பெரியவர் பஸ்ஸை மறித்து, தவறிப்போனது யார் என்று விசாரித்து, விஷயம் தெரிந்ததும் ஏகத்துக்குத் திட்டினார். ஆனால் இந்த மரியாதையால் பஸ் பத்து நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. என்னைச் சீக்கிரம் பார்த்த ஹெட்மாஸ்டர், உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

பஸ்ஸுக்குள் இரண்டு கட்சி உண்டானது. பணம் பாடுகிறவர்களுக்கே போகட்டும் என்றது ஒன்று. நியாயமெல்லாம் சரி, அதற்கு நாங்கள் ஏன் அழ வேண்டும் என்றது மற்றது. நான் இரண்டாவது கட்சி. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கூட்டம் குறைந்தது. முதலாளி ஸ்டாண்டுக்கே வந்து, பழையபடி பெரிய கம்பெனிப் பாட்டையே போடு, இல்லாவிட்டால் வேறு வேலை பார் என்றார். அண்ணாச்சிக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண்கள். ஆனாலும் அவர் சாவியை உருவி நீட்டினார்.

"நிறுத்தச் சொன்னீங்கன்னா நிறுத்திருதேன் முதலாளி. பாடுனவியளுக்குச் சேராத பாட்டைப் போட எனக்கு மனசு வரல. சாவி இந்தா இருக்கு."

முதலாளி சாவியை வாங்கவில்லை. பாட்டு மட்டும் நின்றது.

மூன்று நாள் பஸ் அமைதியாக ஓடியது. அப்போதுதான் அந்த பஸ் தானாக எழுப்புகிற சத்தங்கள் எங்கள் காதில் விழுந்தன. பலர் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே வந்தார்கள். நாலாம் நாள், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் பின் சீட்டிலிருந்து அக்காவின் கும்மியைத் தாங்களே பாட ஆரம்பித்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் கம்பியில் தாளம் போட்டார்கள். நானும் முணுமுணுத்தேன். இறங்கியதும் அந்தப் பெண்களில் மூத்தவர் முதலாளிக்குப் போன் போட்டார்.

"அந்தப் பாட்டையே போடச் சொல்லுங்க முதலாளி. ஒப்பாரிய மட்டும் சாயங்காலம் வச்சுக்கிடட்டும்."

முதலாளி சம்மதித்தார். வேலை முடிந்து திரும்புகிறவர்களுக்கு ஒப்பாரி பொருத்தமாகவே இருந்தது.

அக்கா பிறகு அண்ணாச்சியையும் அந்த ஆப்பில் பங்காளியாகச் சேர அழைத்தார். அதற்குச் சொந்தமாக ஒரு பாட்டாவது பாடியிருக்க வேண்டுமாம். அண்ணாச்சியும் பாடினார். கோவில்பட்டி முதல் எட்டயபுரம் வரை ஒவ்வொரு நிறுத்தமாக வரும் பாட்டு. குரல், ரிவர்ஸ் கியர் விழாத பஸ் மாதிரி இருக்கும்.

இப்போது நான் மதுரையில் இருக்கிறேன். காலையில் அந்தப் பாட்டை ஒரு தடவை போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. தினமும் கேட்பவர்கள் இரண்டு பேர் என்று ஆப் காட்டுகிறது. இன்னொருவர் அந்த அக்காவாகத்தான் இருக்க வேண்டும்.