குளியலறைக்குள்ளிருந்து சொன்ன மறுப்பு

கர்த்தருக்குள் பிரியமான போதகர் சித்தப்பாவுக்கு,

உங்கள் முழங்காலில் தையல் பிரித்துவிட்டார்கள் என்று கேட்டு மகிழ்ந்தவனும், உங்களுக்குப் பதிலாக நீங்கள் போருக்கு அனுப்பிய ஆளுமான அண்ணன் மகன் பணிவுடன் எழுதுவது. சித்தியை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும்.

முதலில் வெட்கக்கேடான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கள்ள உபதேசத்தை எதிர்த்து நம் குடும்பத்தின் சார்பில் நான் நடத்திய வாதம் முழுவதும் அக்கா வீட்டுக் குளியலறைக்குள்ளிருந்து நடந்தது.

அத்தான் போனதிலிருந்து அக்கா வீட்டுக்கு வாராவாரம் ஜெபிக்க வருகிறாரே ஒருவர், மூச்சுக்கு மூச்சு 'வாக்குத்தத்தம்' என்பதால் நான் அதையே அவருக்குப் பெயராக்கிவிட்டேன், அவர் அக்காவின் தலையில் ஏற்றிவைத்தது உங்களுக்குத் தெரியும்: விசுவாசம் இருந்தால் வியாதி நிற்காது, அத்தானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதே சந்தேகம், அந்தச் சந்தேகம்தான் ஆளைக் கொன்றது. அக்கா நம்பிவிட்டாள். "நான்தான்டா கொன்னுட்டேன்" என்று, உப்பு தீர்ந்துவிட்டதைச் சொல்லும் அதே குரலில் சொல்கிறாள். அழக்கூட மாட்டேன் என்கிறாள். நீங்கள் அடையாளம் வைத்துக் கொடுத்த வேதாகமத்தோடு முன்னறையில் கம்பீரமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் வயிறு கலங்கிவிட்டது. உள்ளே ஓடினேன். திரும்பி வரப் பார்த்தால் தாழ்ப்பாள் அசையவில்லை. வேதாகமமோ மேஜைமேல்.

"என்னடா பண்றே உள்ளே?"

"தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சுக்கா."

"இழுத்துப் பாரு."

"இழுத்துக்கிட்டுதான் இருக்கேன்."

வெளியே குசுகுசுவென்று ஏதோ பேச்சு, பிறகு அமைதி. ஓடவும் வழியில்லை, என் முகமும் யாருக்கும் தெரியாது என்றானதும் எங்கிருந்தோ தைரியம் வந்தது. வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தேன். "பிரதர், பவுலோட சீஷன் தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயித்துக் கோளாறு. உனக்கு விசுவாசம் பத்தலைன்னா பவுல் எழுதினாரு? வெறும் தண்ணி குடிக்காதே, கொஞ்சம் திராட்சரசம் சேத்துக்கோன்னுதானே எழுதினாரு?" வயிற்றைப் பற்றி அந்த இடத்திலிருந்து பேச எனக்கு முழு அருகதை இருந்தது. பதிலில்லை. "பிறவிக் குருடனைக் காட்டி, யார் செஞ்ச பாவம்னு சீஷர்கள் கேட்டாங்க. அவனும் இல்லை, அவனைப் பெத்தவங்களும் இல்லைன்னு ஆண்டவரே சொல்லிட்டாரே பிரதர்." அதற்கும் பதிலில்லை. எதிராளி ஆடிப்போய்விட்டார் என்ற உற்சாகத்தில் செத்துப்போன லாசருவின் சகோதரிகளைத் தேடி ஆண்டவர் வந்த கதைக்குத் தாவினேன்.

அப்போது கதவை ஒட்டி அக்காவின் குரல். "அந்த அக்கா தங்கச்சிகிட்ட, உங்களாலதான் உங்க தம்பி செத்தான்னு அவர் சொல்லலையாடா?"

"சொல்லலைக்கா. எங்கே வெச்சீங்கன்னு கேட்டாரு. அப்புறம் அவரும் அழுதாரு."

பிறகு அக்கா அழுதாள், சித்தப்பா. அடக்கத்தன்று கூட அழாதவள், கதவில் சாய்ந்துகொண்டு கதவே அதிரும்படி அழுதாள். உள்ளே வாளிமேல் உட்கார்ந்து நானும் அழுதேன்.

தச்சர் வந்து தாழ்ப்பாளைக் கழற்றினார். அவர் பக்கத்தில் வாக்குத்தத்தம், சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, தலைகுனிந்து, மூச்சுவாங்க நின்றார். சத்தியத்தை நேருக்கு நேர் சந்தித்தவரின் நிலை இப்படித்தான் இருக்கும் என்று எண்ணி, பெருந்தன்மையோடு அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். அன்று மாலை அக்கா வயிறாரச் சாப்பிட்டாள். அத்தானின் குறட்டையைப் பற்றி அவளாகவே பேசிச் சிரித்தாள். ஆகவே, எங்காவது வாதத்துக்கு ஆள் தேவைப்பட்டால் என்னைத் தயங்காமல் அனுப்பலாம்.

உங்கள் முழங்கால் சீக்கிரம் மடங்கவும், அதுவரை சித்தியின் பொறுமை தாங்கவும் வேண்டிக்கொள்ளும்,

அண்ணன் மகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் அக்காவிடம் இதைப் படித்துக்காட்டினேன். தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டது என்றதுமே வாக்குத்தத்தம் வெயிலில் தச்சரைத் தேடிப் போய்விட்டாராம், நான் பேசியதில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லையாம். கிளம்புமுன், கதவு திறக்க ஜெபிக்கலாமா என்று அக்கா கேட்டிருக்கிறாள். "இதுக்கு வேலை தெரிஞ்ச ஆள்தான்மா வரணும்" என்றாராம்.