போதையில்தான் இருந்தேன் என்று தாங்கள் சொல்ல வேண்டும்

சேசு மரி சூசை துணை

மரக்காணம்,
16-3-2006, வியாழன்.

பெரிய மச்சான் சகாயராஜ் அவர்கள் சமூகத்துக்கு, உப்பளத்து மேஸ்திரி கஸ்பார் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கு நானும் மகள் ரோஸ்லினும் என் இருமலைத் தவிர மற்றபடி நலம். பொம்மையார்பாளையத்தில் தாங்களும் அக்காவும் நலமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். என் மனைவி அருள்மேரி நலமா என்பதைத் தாங்கள்தான் எழுத வேண்டும். நான்கு நாளாக அவள் தங்கள் வீட்டில் இருக்கிறாள், போன் செய்தால் என் குரல் கேட்டதும் டக்கென்று வைத்துவிடுகிறாள். அதனால்தான் இந்தக் கடுதாசி.

அவள் என்ன சொல்லிக்கொண்டு அங்கு வந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். என்னைக் குடிகாரன் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் நான் குடிக்கவில்லை என்றல்லவா சொல்லியிருப்பாள்! அதுதான் மச்சான் எனக்கு வந்த கேடு. ஆதியிலிருந்து எழுதுகிறேன், கோபப்படாமல் படிக்கவும். தங்களைப் பற்றியும் நடுவில் ஒரு இடத்தில் வரும், அதையும் கோபப்படாமல் படிக்கவும்.

விபூதிப் புதன் அன்று கோயிலில் சாமியார் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, இந்தத் தவக்காலத்தில் எதை விட்டு ஒறுத்து நடப்பாய் என்று எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார். பக்கத்து பெஞ்சிலிருந்து அருள்மேரி கழுத்தை நீட்டி என் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தினக் குடியைக் குறைப்பேன்" என்று எழுதினேன். விடுவேன் என்று எழுதவில்லை, கோயிலில் பொய் எழுதுகிற ஆள் நான் இல்லை. தினம் ஒரு குவார்ட்டர் பார்த்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் என்னாவது? யோசித்தேன். பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றி, வெயிலில் காயவிட்டு, உப்புச் செறிவின் டிகிரி ஏற்றி உப்பாக்குவது என் தொழில். அதையே தலைகீழாகச் செய்தால் போயிற்று! ஒரு முழு பாட்டில் பிராந்தி வாங்கி அலமாரியில் வைத்தேன். சாயங்காலம் ஒரு கிளாஸ் எடுப்பது, எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி நிரப்புவது. ஈஸ்டர் வருவதற்குள் பாட்டில் பச்சைத் தண்ணீராகிவிடும், எனக்கே தெரியாமல் நானும் உத்தமனாகிவிடுவேன். இதை அருள்மேரியிடம் விளக்கிச் சொன்னபோது அவள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் நாள் குடித்தேன். கை நடுங்கியது, தலை கிறுகிறுத்தது, நல்ல சரக்குதான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் போதையில் பக்கத்து வீட்டு தேவநாதனைக் கட்டிப்பிடித்து அழுது என் சைக்கிளை அவனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன், மூன்றாம் நாள் அதே சைக்கிளைத் திருடிவிட்டான் என்று தெருவில் நின்று அவனையே திட்டினேன். ஐந்தாம் நாள் தேர்தல் நேரமாயிற்றே என்று கீற்று மூடிய உப்புக் குவியல் மேல் ஏறி நின்று, நான் ஜெயித்தால் கடல் தண்ணீரில் டிகிரியைக் கூட்டிக் காட்டுவேன் என்று வாக்குறுதி கொடுத்துக்கொண்டே சறுக்கி விழுந்தேன், முட்டி சிராய்த்த இடத்தில் உப்பு ஏறி, ஐயோ மச்சான், எதிரிக்கும் வேண்டாம். எட்டாம் நாள் கோயில் பாஸ்கா நாடக ஒத்திகையில் எங்கள் தெரு ரெக்ஸ் பையன் ரோமச் சேவகனாக பிளாஸ்டிக் பக்கெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சேசுவைச் சாட்டையால் அடிக்க வந்தான். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பாய்ந்துபோய் பக்கெட்டோடு சேர்த்து ஒன்று வைத்தேன், பக்கெட் இரண்டாகப் பிளந்துவிட்டது, சேசுவாக நடித்தவரே வந்து என்னை விலக்கிவிட்டார். பத்தாம் நாள், தெருவே கேட்க, அருள்மேரியைப் பார்த்து, "இருபத்தாறு வருசமா உன் குழம்புல உப்பே இல்லடி" என்று கத்திவிட்டேன். உப்பள மேஸ்திரி வீட்டில்! அத்தோடு நிற்காமல், "உங்க அண்ணன் ஆரோவில்ல செடிக்குத் தண்ணி ஊத்துறாரு, அதுக்குத் தொப்பி ஒரு கேடா?" என்றும் கேட்டுவிட்டேன். தங்களைப் பற்றி வரும் என்று சொன்ன இடம் இதுதான்.

அத்தனைக்கும் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. காலையில் நான் வழக்கம்போல, "நான் பேசல அருளு, சரக்கு பேசிச்சி" என்றேன். அவளும் வழக்கம்போல தலையை ஆட்டிவிட்டுப் போனாள். பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்போமே என்று. நுணலும் தன் வாயால் கெடும். உப்புத் தண்ணீரில் டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழலை அளத்திலிருந்து எடுத்து வந்து, பாட்டிலில் இருந்ததை ஒரு சொம்பில் ஊற்றி அதில் விட்டேன். பிராந்தியில் விட்டால் அது முழுகிப்போகும், இதை நான் முன்னமே சோதித்திருக்கிறேன். இப்போது சைபரில் ஜம்மென்று நின்றது. சைபர் என்றால் சுத்தத் தண்ணீர்!

"அருளு, கலப்படம்! பன்னெண்டு நாள்ல எப்படி முழுசா தண்ணியாவும்?" என்று கத்தினேன்.

"பன்னெண்டு நாளா? மொத நாளே டீத்தண்ணியா மாத்திட்டேன். மூடியில மட்டும் வாசனைக்கு ரெண்டு சொட்டு வுட்டேன்" என்றாள்.

எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று தாங்கள் கேட்கலாம். மூக்கைப் பிடித்து ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு ஊறுகாயை நக்குகிறவன் நான். இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது அதை நாக்கில் நிறுத்தி ருசி பார்த்திருந்தால்தானே! நான் அசடு வழியச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"குடிச்சிட்டுத் திட்டுறான்னு இருபத்தாறு வருசம் பொறுத்துக்கினேன். காலையில எழுந்து ‘சரக்கு பேசிச்சி, சரக்கு பேசிச்சி’ன்னியே. இப்ப இன்னாயா, டீத்தண்ணி பேசிச்சா?"

அன்று சாயங்கால பஸ்ஸிலேயே புறப்பட்டுவிட்டாள்.

ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணி, நான் போதையில்தான் இருந்தேன் என்று அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். பாட்டில் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்திருக்கும், மூடியில் இரண்டு சொட்டு இருந்ததை அவளே ஒப்புக்கொள்கிறாள். தெளிந்தவன் எவனாவது உப்புக் குவியல் மேல் ஏறுவானா? எனக்குப் போதை இருந்ததென்று கோயிலில் வந்து சாட்சி சொல்ல தேவநாதன் தயாராக இருக்கிறான், சைக்கிள் மட்டும் அவனிடமே இருக்க வேண்டுமாம்.

எல்லாவற்றுக்கும் மேலான சாட்சி, இந்த நான்கு நாளாக நான் இருக்கிற இருப்பு. சரக்குக் கடைப் பக்கமே போகவில்லை. இருமலுக்கு மட்டும், அருள்மேரி மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போன மிளகு கஷாயத்தைக் காலையும் மாலையும் அரை டம்ளர் மடக்கென்று குடிக்கிறேன். என்ன மாற்றம் மச்சான்! பாத்திரம் கழுவுகிறேன். ரெக்ஸுக்குப் புது பக்கெட் வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். தேவநாதன் சைக்கிளில் போனால் கையாட்டுகிறேன். நேற்று மீன் அலசும்போது அருள்மேரி ஞாபகம் வந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன், ரோஸ்லின் என் கையிலிருந்து மீனை வாங்கிக்கொண்டாள். தங்கள் தொப்பியும் தங்களுக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. குடிக்காத கஸ்பார் இதுதான் மச்சான், இவனை நம்பி அவளை அனுப்பி வைக்கவும்.

தங்கள் செடிகள் காய்த்துக் குலுங்கவும், அக்காவின் மூட்டுவலி தீரவும் மாதா கிருபை செய்வாளாக. அக்காவுக்கு என் அன்பு. அருள்மேரி வாங்கிக்கொண்டால் அவளுக்கும்.

இப்படிக்கு,
தெளிந்த புத்தியுடன்,
கஸ்பார்.

பின்குறிப்பு (வெள்ளி காலை): நேற்று தபால் பெட்டியில் போடுமுன் ரோஸ்லின் இதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "அது கஷாயம் இல்லப்பா. அந்த பிராந்திய கீழ ஊத்த மனசு வராம, சளிக்கு ஆவுமேன்னு அம்மா மிளகு, ஓமம், கருப்பட்டி தட்டிப் போட்டு வச்சிது" என்கிறாள்.

ஆக மச்சான், தங்களைத் திட்டினது நான். மன்னிப்புக் கேட்டது பிராந்தி. மிச்சம் இருந்ததை நேற்றே முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டேன், ரோஸ்லின் சாட்சி. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, கை நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருக்கும். மேலே எழுதினதை அவளிடம் காட்ட வேண்டாம். இதற்குக் கீழே உள்ளதை மட்டும் கிழித்துக் கொடுக்கவும்.

அருளு, கொழம்புல உப்பு எப்பவும் சரியாதான் இருந்திச்சி. இல்லன்னு சொன்னது சரக்கும் இல்ல, டீத்தண்ணியும் இல்ல, நான்தான். வந்துடு. வரும்போது டீத்தூள் வாங்கியா, வீட்டுல இருந்ததெல்லாம் நீ எனக்கே ஊத்திட்ட.